நல்ல பல்லை உரசப் போன பயணம்

வெள்ளிக்கிழமை, காலை 9.20

குழித்துறை ரயில் நிலையத்தில் இறங்கும்போதே எனக்குக் கோபம். எழும்பூரில் என்னோடு ஏறிய கோபம் வழியில் எந்த ஸ்டேஷனிலும் இறங்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போகிறவர்கள் கடல் பார்க்கப் போவார்கள், அருவியில் குளிக்கப் போவார்கள், சொந்தக்காரர் கல்யாணத்தில் சாப்பிடப் போவார்கள். நான் போனது என் அக்கா மகள் பென்னியின் எட்டுப் பற்களை உரசுவதைத் தடுப்பதற்காக. அந்த எட்டிலும் சொத்தை கிடையாது, வலி கிடையாது, ஆட்டம் கிடையாது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகினால் நிற்கும். அதை மூட எட்டு நல்ல பல்லை உரசி, மேலே மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டப் போகிறார்களாம்.

பென்னிக்கு இருபத்தேழு வயது. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவள். புதுக்கடையில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை ஏதும் இருந்தால் தெரிவியுங்கள் என்று கேட்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். இப்போது வாசிப்பது காகிதத்தைத்தான் என்றாலும் பெயர் ஓலைதான். பென்னிக்கு முதல் ஓலை போன ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இரண்டாவது ஓலைக்கு முந்தின நாள், அதாவது சனிக்கிழமை, பல்லை உரச நாள் குறித்திருந்தார்கள்.

அக்கா போனில் சொன்னது இவ்வளவுதான்: "மாப்பிள வீட்டுல பல்லப் பத்திச் சொன்னாவ. கல்யாணத்துக்கு முன்ன சரியாக்கணும். உனக்க அத்தானுக்கு ரப்பர் கடைய விட்டுட்டு வர முடியாது. நீ வந்து டாக்டருகிட்ட இங்கிலீசுல ரெண்டு வார்த்த பேசு." பேசுகிறேன் என்றேன். என்ன பேசப் போகிறேன் என்று சொல்லவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னை ராயப்பேட்டையில் சின்ன பிரஸ் வைத்திருக்கிறேன். கல்யாண அட்டை, காலண்டர், ஆல்பம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பருவை எடுப்பது, கண்ணுக்குக் கீழே கறுப்பை எடுப்பது, வழுக்கைக்குக் கொஞ்சம் முடி வைப்பது எல்லாம் இருபத்திரண்டு வருடமாக நான் செய்கிற வேலை. பென்னிக்கு மாப்பிள்ளை பார்க்கப் படத்தோடு பயோடேட்டா தயாரித்துக் கொடுத்ததும் நான்தான். தாய்மாமன் என்ற முறையில் அதைப் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

நிலையத்திலிருந்து மார்த்தாண்டம் மூன்று கிலோமீட்டர். ஆட்டோ நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு இறங்கியது. மேம்பாலத்துக்கு அடியில் போகும்போது பல் விளம்பரங்களை எண்ணத் தொடங்கினேன். பாலம் முடிவதற்குள் பதினொன்று ஆகிவிட்டது. அதில் மூன்றில் ஒரே வெள்ளைக்காரப் பெண். காசு கொடுத்தால் இணையத்தில் யாருக்கும் கிடைக்கிற படம் அது. நானே ஒரு ஷாம்பு நோட்டீசுக்கு அவளைப் போட்டிருக்கிறேன். அவள் மார்த்தாண்டம் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டாள்.

"எதுக்கு இத்தன பல்லு?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"சாரே, இதெல்லாம் கெல்ஃப்காரங்களுக்கு உள்ளது. லீவுக்கு வருவாங்க, இருவது நாளு நிப்பாங்க, புதுப் பல்லையும் வச்சிட்டுப் போவாங்க. முன்ன வீடு கெட்டுனாங்க. இப்ப பல்லு கெட்டுகாங்க."

"நீங்க கட்டலையா?"

"எனக்க பல்லு இருக்கது இருக்கட்டு, போறது போட்டு" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். வெற்றிலைக்கறை படிந்த உறுதியான பற்கள். நிலையத்தில் இறங்கியதிலிருந்து எனக்குப் பிடித்துப்போன முதல் ஆள் அவர்தான்.

வெள்ளிக்கிழமை, மதியம் 12.30

அக்கா வீடு கருங்கல்லுக்கு இந்தப் பக்கம், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடை. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் தயாராக இருந்தன. நான் தட்டில் கைவைக்கும் முன்னமே ஆரம்பித்துவிட்டேன். பல்லைப் பார்த்தா பெண் எடுக்கிறார்கள், அந்தப் புதுக்கடைக்காரி தன் மகனின் பல்லை எண்ணி அனுப்பினாளா என்றெல்லாம் கேட்டேன்.

"லே ஜெபா, வந்ததும் வராததுமா தொடங்காத" என்றாள் அக்கா. "அவிய ஒண்ணும் மோசமாச் சொல்லல்ல. பைய, மரியாதயாத்தான் கேட்டாவ. நான்தான் சரியாக்கித் தாறோம்ன்னு வாக்கு குடுத்தேன்."

"என்ன கேட்டாங்க?"

"என்னமோ கேட்டாவ. நீ சோத்தத் தின்னு."

மேசையில் கிளினிக்கின் நோட்டீஸ் கிடந்தது. 'விடுமுறைப் புன்னகைத் திட்டம்' என்று பெயர். முதலில் அளவெடுப்பு, பிறகு உரசித் தற்காலிக ஓடு வைப்பது, பத்தாம் நாள் நிரந்தர ஓடு. இடையில் திற்பரப்பு அருவிக்கு இலவசச் சுற்றுலா. பல் ஒன்றுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். பின்பக்கம் ஓடு வைத்தபின் கடிக்கக் கூடாதவற்றின் பட்டியல்: முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, ஏத்தங்காய் வற்றல், கரும்பு, கோழி எலும்பு. எங்கள் ஊர்க் கல்யாண வீட்டுப் பலகாரம் முழுவதும் அதில் இருந்தது. கல்யாணத்துக்காகப் பல்லைக் கட்டிக்கொண்டு, கல்யாணப் பலகாரத்தைத் தொடக்கூடாதாம். இதைச் சத்தமாக வாசித்தபோது பென்னி சிரித்தாள். சிரிக்கும்போது வலது கை தானாக வாயை மறைத்தது.

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பதினான்கு வயதில் ஒரு கல்யாண வீட்டில் முந்திரிக்கொத்தைக் கடித்து, இடது முன்பல்லின் வெளி ஓரம் அரிசிக் குருணை அளவுக்கு உடைந்தது. அன்றைக்கே அந்த உடைசலை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தவள் இவள்.

"இது எப்பலேருந்து, கைய வச்சு மூடுறது?"

"ஒரு ஆறு மாசம் இருக்கும் மாமா" என்று சொல்லிவிட்டு மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புதுக்கடைக்காரியின் வேலைதான் இது என்று என் மனதில் குறித்துக்கொண்டேன். பெண் பார்க்க வந்து நாலு மாதம்தான் ஆகிறது என்ற கணக்கு அப்போது எனக்கு ஓடவில்லை.

சனிக்கிழமை, காலை 7.45

கருங்கல் சந்திப்பிலிருந்து இலவசச் சுற்றுலாவுக்குக் கிளினிக்கின் வேன் புறப்பட்டது. சந்தை கூடுகிற நேரம், வாழைத்தார் ஏற்றிய டெம்போவுக்குப் பின்னால் பத்து நிமிடம் ஊர்ந்தோம். மார்த்தாண்டம், அருமனை வழியாகத் திற்பரப்பு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். வழி முழுக்க ரப்பர் மரம். பால் வடிய ஒவ்வொரு மரத்திலும் சிரட்டை கட்டியிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன்.

வேனில் பென்னியையும் என்னையும் தவிர ஒருவர்தான் வாடிக்கையாளர். ஜஸ்டின் என்று பெயர், முப்பத்தைந்து வயது, தோஹாவில் ஏசி மெக்கானிக். மூன்று நாளைக்கு முன் பத்துப் பல்லை உரசித் தற்காலிக ஓடு வைத்திருந்தார்கள். ஜன்னல் காற்று வாயில் படாமலிருக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முன்னால பல்லுல என்ன கோளாறு?" என்று கேட்டேன்.

"கோளாறு ஒண்ணும் இல்ல சேட்டா. கொஞ்சம் மஞ்சளா இருந்து. கூட வேல செய்யுத பிலிப்பினோ ஒருத்தன் செஞ்சு வந்தான், நல்ல வெளுப்பு. அதக் கண்டு ஆசப்பட்டுட்டேன்."

"மஞ்சளுக்குச் சுத்தம் பண்ணி, வெளுக்க மருந்து வச்சாப் போதுமே."

"அது அப்ப யாரும் பறஞ்சு தரல்லியே" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

திற்பரப்பில் கோதையாறு அகலப் பாறைமேல் பரவி விழுகிறது. தண்ணீர் நன்றாக இருந்தது. குளிக்கிறவர்கள் தலையைக் கொடுத்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். ஜஸ்டின் இரண்டு முறை கிட்டே போனார். சாரல் உதட்டில் பட்டதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். இருபது நாள் லீவில் ஊருக்கு வந்தவர், அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். கடையில் ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். ஆறும்வரை காத்திருந்து, சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கடைவாயில் வைத்து மென்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என் பஜ்ஜி இறங்கவில்லை.

சுற்றுலா எதற்கு இலவசம் என்பது அங்கேதான் விளங்கியது. கிளினிக்கின் வீடியோக்காரர், தாடி வைத்த ஆள், பென்னியை அருவிக்கு முன்னால் நிறுத்தினார். செய்வதற்கு முன்பு, செய்த பின்பு என்று இரண்டு படம் போட்டு விளம்பரம் செய்வார்களாம். இன்றைக்கு 'முன்பு'.

"மேடம், கொஞ்சம் சோகமா நில்லுங்க. கைய வச்சு வாய மூடுங்க. இப்ப பையக் கைய எடுத்து, கேமராவப் பாத்துட்டு, வெக்கப்பட்டுத் தலையக் குனியணும்."

"ஏன் வெக்கப்படணும்? திருடினாளா?" என்று நான் கத்தியதில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அவ வெக்கப்பட்டாத்தான் உங்க கடையில யாவாரம் நடக்குமா? இல்லாத வெக்கத்தச் சொல்லிக் குடுத்து, அப்பறம் அதுக்கு மருந்து விக்கிறீங்களா?"

"சார், இது ஒரு ஃபார்மாலிட்டி."

"ஆள விடுயா!"

பென்னி என் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, பையப் பேசுங்க. எல்லாரும் பாக்காங்க." அவள் முகத்தில் கோபம் இல்லை. சொல்ல வந்ததை விழுங்குகிற மாதிரி ஒரு பார்வை. அதையும் நான் கிளினிக்கின் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை, பகல் 2.30

கிளினிக் கருங்கல்லில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. குளிரூட்டிய அறை, மீன் தொட்டி, சுவர் முழுக்க 'முன்பு', 'பின்பு'. டாக்டர் முப்பத்தைந்து வயதுக்காரர், இனிமையான பேச்சு. பென்னியை நாற்காலியில் சாய்த்து விளக்கைப் போட்டாகிவிட்டது. தட்டில் உரசும் கருவியின் முனைகள் வரிசையாக இருந்தன.

அவசரமில்லாமல் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். பல் அழகுக்கு என்னென்ன வழி உண்டு என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். அவரும் ஒளிக்காமல் சொன்னார். நிறம்தான் குறை என்றால் சுத்தம் செய்து வெளுக்க வைக்கலாம், பல்லைத் தொட வேண்டாம். இடைவெளி என்றால் கம்பி போட்டு நகர்த்தலாம், ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அல்லது பல்லின் நிறத்திலேயே ஒரு பசையை இரண்டு பல்லின் ஓரத்திலும் ஒட்டி, நீல விளக்கில் கெட்டியாக்கி மூடலாம். ஒரு மணி நேர வேலை, பெரும்பாலும் உரச வேண்டாம், ஐயாயிரத்துக்குள் முடியும். சில வருடத்தில் கறை பிடிக்கும், முனை உடையும், அப்போது திரும்ப ஒட்ட வேண்டும். கடைசி வழிதான் உரசி ஓடு வைப்பது.

"கடைசி வழிய ஏன் முதல்ல எடுத்தீங்க?"

"கல்யாணத்துக்கு ஒரு மாசந்தான் இருக்கு. அதோட ரெண்டு பல்லு மட்டும் செஞ்சா மத்ததோட சேராது சார். எட்டு செஞ்சாத்தான் ஒரு ஃபினிஷ் வரும். உரசுறது வெறும் அரை மில்லிமீட்டர்."

"உரசுன பல்லு திரும்ப முளைக்குமா?"

"முளைக்காது சார். அதனாலதான் கையெழுத்து வாங்குறோம்."

நான் எழுந்தே விட்டேன். இருபது வருடம் அந்தப் பிள்ளையோடு வளர்ந்த பல், அசல் போனால் போனதுதான், பத்து பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை அவள் சாகும்வரை ஓடு மாற்றிக்கொண்டிருக்க வேண்டும், இதைச் செய்ய உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது, அவளைக் கேட்டீர்களா என்று மீன் தொட்டி அதிரக் கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டருக்கு முகம் சிவந்தது. "சார், இது என் இஷ்டத்துக்கு நான் போட்ட டிசைன் இல்ல. உங்க வீட்டுலேருந்து ஒரு போட்டோ தந்தாங்க. இதுல இருக்க மாதிரியே வேணும்ன்னு சொன்னாங்க. இதே மாதிரி வரணும்ன்னா உரசாம வராது" என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

திரையில் பென்னி. நீலப் புடவை, காதில் சின்னக் கம்மல், திறந்த சிரிப்பு. முன்பற்கள் இரண்டும் நூல் இடைவெளியில்லாமல் சேர்ந்திருந்தன.

"இது உங்க கம்ப்யூட்டர் வரைஞ்சதுதானே?"

"இல்ல சார். கல்யாணத் தரகருக்கு அனுப்புன போட்டோவாம்."

அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். இடது முன்பல்லின் வெளி ஓரத்தில் அந்த முந்திரிக்கொத்து உடைசல். வலது முன்பல்லின் வெளி ஓரத்திலும் அதே உடைசல், அதே அளவு, கண்ணாடியில் திருப்பின மாதிரி. பென்னிக்கு உடைந்தது ஒரு பல்தான். இடது பல்லை நகல் எடுத்து, திருப்பி, வலது பல்லின் மேல் ஒட்டி நடுவில் சேர்த்திருக்கிறார்கள். அவசரத்தில் ஓரத்தைக் கவனிக்கவில்லை. அந்த வேலை யார் கை என்று எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பல்லின் மேல்பகுதியில் ஒரு துளி வெளிச்சம் வைத்து முடிப்பது என் பழக்கம். அதுவும் இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன், காலண்டர் வேலை நெருக்கிக்கொண்டிருந்த ஒரு நாளில், பயோடேட்டாவுக்காக அந்தப் படத்தைத் திறந்தேன். முகத்தில் எது கண்ணில் பட்டாலும் கை போய்த் திருத்திவிடும். பருவுக்கும் பல்லுக்கும் அந்தக் கைக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு நிமிட வேலையாக இருந்திருக்கும். யாரையும் கேட்கவில்லை. செய்தது எனக்கு நினைவில்கூட இல்லை.

பென்னி நாற்காலியிலிருந்து எழுந்து, கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். "டாக்டர், இன்னைக்கு வேண்டாம். நான் பெறவு விளிக்கேன்" என்று சொல்லிவிட்டு, "வாங்க மாமா" என்று படியிறங்கினாள்.

சனிக்கிழமை, மாலை 4.00

கீழே சாயாக்கடையில் இரண்டு சாயா, இருபத்துநாலு ரூபாய். என் கிளாசைத் தொடாமல் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"பயோடேட்டா வந்த அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"அம்மா வேண்டாம்ன்னா. மாமன் ஆசயாச் செஞ்சு அனுப்பியிருக்கான், கேட்டா அவனுக்கு வெசனமாயிரும்ன்னா." அவள் கிளாசைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எனக்கு அது பல்லாத்தான் தெரிஞ்சு மாமா, கொறையாத் தெரியல்ல. என்னத் தூக்கிட்டு நடந்த மாமனே அத அடைச்சு அனுப்பின பெறவு, அப்ப மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்ன்னு யோசிச்சேன். அதுக்குப் பெறவுதான் கை வாய்க்குப் போவத் தொடங்கிச்சு."

திற்பரப்பில் நான் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் திரும்ப விழுந்தது. இல்லாத வெட்கத்தைச் சொல்லிக் கொடுத்தது வீடியோக்காரன் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் சாயாவைக் குடித்து முடித்தாள்.

புதுக்கடைக்குப் போய் மாப்பிள்ளையின் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். கல்யாணம் நின்றுபோனால் அதற்கு நான்தான் பொறுப்பு என்பதும் தெரிந்தே இருந்தது. பென்னி தடுக்கவில்லை. "நானும் வாறேன்" என்றாள். பஸ்ஸில் எனக்கு எட்டு ரூபாய், அவளுக்கு மகளிர் இலவசச் சீட்டு. ஏழெட்டு கிலோமீட்டர் தூரம்.

சனிக்கிழமை, மாலை 5.15

மாப்பிள்ளையின் அம்மா செல்வபாய் டீச்சர், பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு நாளாக நான் வாய்க்கு வந்தபடி திட்டிய புதுக்கடைக்காரி இவர்தான். ஒல்லியான உருவம், கண்ணாடி. முன்னறிவிப்பில்லாமல் வந்த எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நான் சொல்வது முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"படத்தத் திருத்துனது நீங்களா?"

"ஆமா டீச்சர்."

"அத அன்னைக்கே சொல்ல உங்களுக்க வீட்டுல ஒரு ஆளுக்கு வாய் இல்லாமப் போச்சா?" குரல் ஏறியது. "பொண்ணு காண வந்த அன்னைக்குப் போட்டோவுல இப்படி இல்லியேன்னு கேட்டேன். எதுக்குக் கேட்டேன்? வேற பிள்ளைக்க போட்டோவக் காட்டி ஏமாத்துகாங்களோன்னு எனக்கு ஒரு சம்சயம். அதுக்கு உங்க அக்கா என்ன சொன்னா? கல்யாணத்துக்கு முன்ன பல்லச் சரியாக்கித் தாறோம்ன்னா. நான் பல்லையா கேட்டேன்? போட்டோவக் கேட்டேன்! அன்னைக்குத் தொட்டு எனக்கு ஒறக்கம் இல்ல, கேட்டேளா. ஒரு நல்ல பிள்ளைக்க பல்ல எனக்க பேரச் சொல்லி உரசப் போனியளா? நாளைக்கு அவ பல்லு கூசி அழுதா, மாமியாருதான் பண்ணிச்சுன்னு ஊரு என்னையல்லா பறையும்?"

கோபத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர் ஒருவரை அன்றுதான் பார்த்தேன். அவருடைய கோபத்துக்கு நியாயமும் இருந்தது.

"எனக்க மவன் அந்தப் போட்டோவப் பாத்துட்டுத்தான் சம்மதிச்சான்" என்றார் மெதுவாக. "இப்ப அவன்கிட்ட நான் என்ன சொல்லட்டு?"

"அவியளுக்குத் தெரியும் அத்தை" என்றாள் பென்னி. "முதல்ல வீடியோவுல பேசுன அன்னைக்கே பல்லக் காட்டிச் சொல்லிட்டேன். போட்டோவுல இருக்கது நான் இல்லன்னு."

"அவன் என்ன சொன்னான்?"

"இத அடைச்சவன் யாருன்னு கேட்டாங்க. நான் சொல்லல்ல."

டீச்சர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு பென்னியைப் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்து, "உனக்கு என்ன வேணும்? அடைக்கணுமா, இருக்கணுமா?" என்று கேட்டார்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அக்கா கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை. அவளைக் கேட்டீர்களா என்று டாக்டரிடம் கத்திய நானும் கேட்கவில்லை.

"இப்பத் தெரியல்ல அத்தை. யோசிக்கணும். அடைக்கணும்ன்னு தோணினா உரசாம அடைக்க வழி உண்டு, டாக்டரு சொன்னாரு. அது நான் பாத்துக்கிடுகேன்." என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "இனி யாரும் எனக்காக சரியாக்க வேண்டாம்."

கிளம்பும்போது டீச்சர் வாசல்வரை வந்தார். "கல்யாணம் நடக்கும். ஆனா கார்டுல அந்தக் கள்ளப் போட்டோ வரக்கூடாது. அந்தப் பிள்ளைக்க சொந்தப் போட்டோவ எடுத்துப் போடுங்க." கல்யாண அட்டை என் பிரஸ்ஸில்தான் அச்சாகிறது. போடுகிறேன் என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.10

இரண்டாவது ஓலை வாசிக்கப்பட்டது. தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று போதகர் சொன்னபோது, அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. முந்தின நாள் வீடு திரும்பியதும் பெரிய சண்டை. ஏன் மறைத்தாய் என்று நான் கேட்க, ஏன் செய்தாய் என்று அவள் கேட்க, இருவரும் அழுது முடித்திருந்தோம். தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பாட்டுக்குப் பாடகர் குழு எழுந்து நின்றது. பென்னி இரண்டாம் வரிசையில் நின்று இரண்டு கையாலும் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்தாள். வாய் திறந்து பாடினாள். நான் பாடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.00

குழித்துறை நடைமேடையில் என்னை வழியனுப்பப் பென்னி வந்திருந்தாள். ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. அட்டைக்கு அவளுடைய அசல் படத்தை எடுத்து வைக்கலாம் என்று போனில் தேடினேன். பிரஸ் கம்ப்யூட்டரிலிருந்து எல்லாமே போனுக்கும் வந்துவிடும். நீலப் புடவைப் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது திருத்திய படம். காலண்டர் அவசரத்தில் திருத்தியதை அதே பெயரில், அதன் மேலேயே சேமித்திருக்கிறேன். எடுத்துக் கொடுத்த ஸ்டூடியோவுக்கும் போன் செய்தேன். ஆறு மாதப் பழைய படமெல்லாம் அழித்துவிடுவார்களாம். உரசுன பல்லு முளைக்குமா என்று டாக்டரிடம் கேட்டவன் நான்.

அவளிடம் சொன்னேன். "அப்ப அந்தச் சிரிப்பு போச்சு, இல்லியா மாமா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்ப ஒண்ணு எடுத்துக்கிடட்டா? வெளிச்சம் நல்லா இருக்கு. சும்மா சிரி."

போனைத் தூக்கிப் பிடித்தேன். பென்னி நேராக நின்று என்னைப் பார்த்தாள். உதடு மூடியே இருந்தது. கை வாய்க்குப் போகவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. வண்டி வருவதாக அறிவித்தார்கள்.

"இன்னைக்கு வேண்டாம் மாமா. சிரிக்கணும்ன்னு தோணும்போ நானே எடுத்து அனுப்புகேன்" என்று என் பையைத் தூக்கிக் கொடுத்தாள்.

சென்னை திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. எங்கள் தெருவிலும் பல் விளம்பரம் உண்டு. மார்த்தாண்டத்துப் பதினொன்றுக்கு இங்கே நாலு. அந்த வெள்ளைக்காரப் பெண் இங்கேயும் இருக்கிறாள். இத்தனை நாள் கவனிக்கவில்லை. இன்று காலை ஒருவர் மகளின் படத்தோடு வந்து, "மூஞ்சியக் கொஞ்சம் சரி பண்ணிடுங்க சார்" என்றார். பெண்ணைக் கேட்டீர்களா என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

அட்டை சீக்கிரம் வேண்டும் என்று அக்கா தினமும் போன் செய்கிறாள். மாப்பிள்ளை படம் வந்து அதன் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. பென்னியிடமிருந்து இன்னும் படம் வரவில்லை. நானும் கேட்கவில்லை.